பட்டைத் தண்ணீரில் ஒரு காபி

நாளை விடியற்காலை வண்டியில் நீங்கள் மூன்று பேரும் ஆம்பூரிலிருந்து மதராஸுக்குப் போகிறீர்கள். துறைமுகத்தில் சாயபுவின் படகுகள் மூன்று நிற்கும். ஆளுக்கு ஒன்றில் ஏறிக்கொள்வீர்கள். காபி போடுவது, கரையில் கட்டி வந்த சோற்றைப் பங்கு வைப்பது, யாராவது வாந்தியெடுத்தால் கழுவிவிடுவது, இவ்வளவுதான் உங்கள் வேலை. இதில் எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. காபி போடத் தெரியாமல் நீங்கள் வந்திருந்தால் அது உங்களைத் தேர்ந்தெடுத்தவரின் பிழை. அவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. படகில் காபி போடுகிறவனுக்குக் காபியைத் தவிர வேறு சிலதும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அவை தெரியாமல் இருந்ததால் ஒரு மனிதர் கடலில் குதித்தார். தெரிந்த பிறகு சாயபுவின் கையைவிட்டு ஒரு பெரிய ஆர்டர் போயிற்று. இரண்டையும் சொல்கிறேன். எது மேல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் அடுப்படியில் இருந்தேன். வயது முப்பத்தெட்டு. சாயபு தோல் மண்டிக்குப் போகும் வழியில் தினமும் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடிப்பார். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். நாலு வருஷம் ஒன்றும் சொல்லாதவர் ஒருநாள் அடுப்படிக்கே வந்து நின்றார்.

"முனுசாமி, கடல் பார்த்திருக்கியா?"

"இல்லீங்க சாயபு."

"நல்லதாப் போச்சு. பார்த்தவன் எவனும் வர மாட்டேன்றான்."

அப்படித்தான் நான் சேர்ந்தேன்.

சாயபு புதிதாக ஒரு படகு வாங்கியிருந்தார். பாய்மரமும் உண்டு, எண்ணெயில் ஓடும் எஞ்சினும் உண்டு. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். தெற்கே நாகப்பட்டினத்தில் அதை ஏற்றி மதராஸில் இறக்குவார்கள், அங்கிருந்து ரயிலில் ஆம்பூர் வரும். காய்ந்த பட்டை எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பட்டை ஏற்றிய படகில் அடுப்பு கிடையாது, பீடி கிடையாது, ஊதுவத்திகூடக் கிடையாது. ஆனால் சாயபுவுக்குக் காபி உண்டு. அதற்காகச் சீமையிலிருந்து ஒரு மின்சாரக் கெட்டில் வரவழைத்திருந்தார்.

மின்சாரம் என்பதை நான் அதற்கு முன் பார்த்தது சாயபுவின் தொழிற்சாலையில், எஞ்சின் ஓடும்போது எரிகிற நாலு பல்பில்தான். படகிலும் அதே கதை. எஞ்சின் ஓடினால் அதோடு சேர்ந்து டைனமோ சுற்றும். டைனமோ சுற்றினால் பாட்டரிப் பெட்டிகள் நிறையும். அந்தப் பெட்டிகளில் இருப்பதை வைத்துத்தான் முன்பக்கத்து விளக்கு எரிய வேண்டும், திசைகாட்டிக்கு மேலே உள்ள சின்ன பல்பு எரிய வேண்டும், படகின் அடியில் ஊறும் நீரை வெளியே தள்ளும் பம்பு ஓட வேண்டும். இவற்றோடு என் கெட்டில்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒரு துளை இருந்தது. கெட்டிலின் முளையை அதில் செருகினால் தண்ணீர் கொதித்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் பயணம், இரண்டாம் நாள், பொழுது சாய்கிற நேரம். எஞ்சினை நிறுத்திப் பாயில் போய்க்கொண்டிருந்தோம். படகை ஓட்டும் தண்டல் கடலூர்க்காரர், பேச்சுக் குறைந்தவர். அவருக்குக் காபி வேண்டுமென்று தோன்றியது. அவர் கேட்கவில்லை, எனக்குத் தோன்றியது. கெட்டிலை நிறைய நிரப்பிச் செருகினேன். சற்று நேரத்தில் முன்பக்கத்து விளக்கு ஆரஞ்சு நிறமாயிற்று. பிறகு அடுப்புக்கரி அணைகிற மாதிரி சிவந்தது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததால் நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முன்னாலிருந்து ஒரு கூச்சல். தண்டல் சுக்கானை ஒரு பக்கமாக இழுத்தார். நான் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். எங்கள் படகின் விலாவை உரசிக்கொண்டு ஒரு கட்டுமரம் போனது. அதில் ஆள் இல்லை. ஆள் தண்ணீரில் இருந்தார். எங்கள் விளக்கு தெரியாமல் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், தலைக்கு மேல் படகு வந்ததும் குதித்திருக்கிறார்.

கயிறு போட்டு அவரை மேலே ஏற்றினோம். ஐம்பது வயதிருக்கும். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. மேலே வந்ததும் எங்கள் எல்லோருடைய குடும்பத்தையும் வரிசையாக விசாரித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொதித்த தண்ணீர் இருந்தது. காபி போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "சக்கரை கம்மி" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து திட்டினார்.

அவருடைய கட்டுமரத்தைத் தேடிப் பிடித்து, அவரை அதில் இறக்கிவிட்டு, அவர் கரைப் பக்கம் திரும்பும்வரை தண்டல் ஒன்றும் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. என்னிடம் வந்து பேசியது எஞ்சின் மிஸ்திரி. ராணிப்பேட்டைப் பையன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். மாதா கோயில் பாட்டு ஒன்றை எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

"இன்னாண்ணா, வெளக்கு ஏன் செத்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க குடிச்சிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. அவன் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனான். பாட்டரிப் பெட்டிகளைக் காட்டினான். "இது தவலைத் தண்ணி மாதிரிண்ணா. எல்லாருக்கும் ஒரே தவலை. வெளக்கு டம்ளர்ல மொள்ளுது. பம்பு சொம்புல மொள்ளுது. உங்க கெட்டிலு கொடத்தையே கவுத்துடுது" என்றான்.

"அப்ப நான் காபியே போடக்கூடாதா?"

"போடுங்க. என்னைக் கேட்டுட்டுப் போடுங்க."

என்னைவிடச் சின்னவனைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொதிக்கவைப்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. இரண்டு நாள் இருந்தது. உரிந்துபோன முட்டி நினைவுக்கு வரும்போதெல்லாம் அது கொஞ்சம் குறைந்தது. பிறகு கேட்கப் பழகிக்கொண்டேன்.

ஆனால் கேட்டுக் கேட்டுப் போடுவதென்றால் சாயபு நினைத்தபோது காபி கிடைக்காது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும் காலை நேரத்தில் மட்டும்தான் மிஸ்திரி தலையாட்டுவான். ஆகவே ஒரு தடவை கொதிக்கவைத்தது நாள் முழுக்கச் சூடாக இருக்க வேண்டும். ஆம்பூர் திரும்பியதும் தோல் மண்டியில் சுற்றிச் சுற்றி யோசித்தேன். ஆட்டுத்தோலிலிருந்து சுரண்டியெடுத்த மயிர் அங்கே மலையாகக் கிடந்தது. ஒரு மரப்பெட்டி செய்து, அதில் மயிரை அடைத்து, நடுவில் மூடி போட்ட பீங்கான் ஜாடி ஒன்றைப் புதைத்தேன். காலையில் கொதிநீரை ஊற்றி மூடினால் மாலையிலும் கை வைக்க முடியாத சூடு.

முதல் பெட்டியில் மயிரைச் சரியாகக் கழுவாமல் விட்டேன். தண்டல் அந்தக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக என்னிடம் பேசினார்: "ஆடு உள்ளேயே கீதா?"

அதன்பிறகு நாலு தண்ணீரில் அலசி, வெயிலில் ஒரு வாரம் காயவைத்து அடைத்தேன். டின் பால், நல்ல கொட்டையை வறுத்து அரைத்த தூள், பெட்டியிலிருந்து எடுத்த வெந்நீர். ஸ்டேஷன் கிளப்பில் போட்டதைவிட அந்தக் காபி ஒரு மாற்றுக் கூடத்தான் இருந்தது. என் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இனி அந்த ஐப்பசிப் பயணம்.

சாயபு ஒரு துரையை அழைத்து வந்தார். மதராஸில் இருக்கும் ஒரு வியாபாரக் கம்பெனிக்குத் தோல் பார்த்து வாங்குகிறவர். வருஷம் முழுவதற்கும் ஒரே ஆளிடம் வாங்கப்போகிறார் என்று பேச்சு. வாணியம்பாடிக்காரர் ஒருவரும் அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். சாயபு துரையை நாகப்பட்டினத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டை வாங்குகிற இடத்தைக் காட்டினார். மாதிரிக்காக ஊரிலிருந்து பதனிட்ட தோல்களைத் தகரப்பெட்டியில் கொண்டு வந்து காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் சொந்தப் படகிலேயே மதராஸுக்குப் போகலாம்" என்றார்.

தண்டலுக்கு அதில் இஷ்டமில்லை. ஐப்பசியில் வடக்கே போவதென்றால் காற்று முகத்தில் அடிக்கும். "நாலு நாள் பொறுத்துப் போலாங்க" என்றார். சாயபு துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "புதுப் படகு. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வராது" என்றார்.

அதை அவர் சொல்லும்போது மிஸ்திரி என்னைப் பார்த்தான். தினமும் காலையில் அரைமணி நேரம் பம்பு ஓட்டுகிறவன் அவன்தான்.

படகில் ஏழு பேர்: சாயபு, துரை, தண்டல், மிஸ்திரி, பாய் கட்டும் இரண்டு கலாசிகள், நான். முதல் நாள் நன்றாகவே போனது. துரை என் காபியை மூன்று முறை வாங்கிக் குடித்தார். இருபது வருஷம் மதராஸில் இருந்தவர், தமிழ் நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை அவசியமில்லாமல் காட்டமாட்டார்.

மறுநாள் காலை பெட்டியில் வெந்நீர் நிரப்பி மூடினேன். சிறிது நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. உள்ளே ஒரு வால்வு உடைந்துவிட்டது என்றான் மிஸ்திரி. புதிதாக ஒன்று ராவிப் பொருத்த வேண்டும், பொழுது சாயும்வரை ஆகும் என்றான். பம்பு ஓட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் இது நடந்தது. அந்தக் கலவரத்தில் பம்பை எல்லோரும் மறந்துவிட்டோம்.

பாய் விரித்தார்கள். எதிர்க்காற்று. படகு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நகர்ந்தது. மதியம் சுமாருக்கு மாமல்லபுரத்துக் கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் சாயபு என்னைக் கூப்பிட்டார்.

"தொரைக்குப் புதுசாத் தண்ணி காய வச்சி ஒரு காபி குடு. பெட்டித் தண்ணி வேணாம்."

"எஞ்சின் ஓடலீங்களே சாயபு."

"ஒரே ஒரு காபிப்பா. பேஜார் பண்ணாதே."

மிஸ்திரியைக் கேட்டேன். பட்டையறையின் நீர் வராதபடி பலகையடித்துத் தடுத்த எஞ்சின் அறையில் அவன் எண்ணெயில் முழங்கைவரை நனைந்து உட்கார்ந்திருந்தான். "ஒரு கோப்பைத் தண்ணி மட்டும். அதுக்கு மேல ஊத்தினா ராத்திரிக்கு வெளக்கு இல்லே" என்றான்.

குடிநீர்ப் பீப்பாய்கள் நாலும் பட்டைக்கட்டுகளுக்கு நடுவே படகின் அடியில் படுத்திருக்கும். ஒரு குழாய் வழியாக நான் மேலே இழுத்துக்கொள்வேன். இழுத்து, ஒரு கோப்பை மட்டும் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கினேன். எனாமல் போன பழைய இரும்புக் குவளையில் ஊற்றினேன். கறுத்துவிட்டது. காபிக் கறுப்பல்ல, கணக்குப்பிள்ளை மசிக்கூட்டில் இருக்கிற கறுப்பு. பால் ஊற்றினேன். மசியில் பால் ஊற்றியது போலவே இருந்தது.

தூளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். முகர்ந்து பார்த்தேன், தூள் நன்றாக இருந்தது. பிறகு பாலை நக்கிப் பார்த்தேன். கடைசியாகத்தான் வெறும் தண்ணீரைக் குடித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துவர்ப்பு. அதற்குள்ளே உப்பு.

ஆம்பூரில் பிறந்தவனுக்கு அந்தத் துவர்ப்பு என்னவென்று இரண்டாவது தடவை குடித்துப் பார்க்கத் தேவையில்லை. தோல் ஊறுகிற தொட்டித் தண்ணீர் அது. பட்டை இரும்பில் பட்டால் மசியாகும் என்பதும் தெரிந்ததுதான். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: பட்டைத் தண்ணீர் என் பீப்பாய்க்குள் எப்படி வந்தது? பீப்பாயின் அடைப்பு மேல்பக்கத்தில் இருக்கிறது. கடல்நீர் பட்டையை நனைத்து, அந்த நீர் அடைப்புக்கு மேலே ஏறினால்தான் உள்ளே கசியும்.

அடைப்பு என் இடுப்பு உயரம்.

தம்பிகளா, இந்த இடத்தில் நான் உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துணிப்பந்தலுக்குக் கீழே சாயபு துரையிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வருஷம் முழுவதும் அந்தச் சிரிப்பில் இருந்தது. என் அம்மா செத்தபோது ஒரு வார்த்தையும் பேசாமல் இருபது ஆள் சாப்பாட்டுக்கு அரிசி அனுப்பியவர் அவர். துரை எதிரில் போய் நான் என்ன சொல்வது? கொஞ்சம் பொறுத்து, அவர் தனியாக வரும்போது காதில் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த யோசனையில் எத்தனை நேரம் போனதோ தெரியாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த படகு உடனே நிமிரவில்லை, தூக்கத்திலிருந்து எழுகிறவனைப் போல மெதுவாக நிமிர்ந்தது. அப்போதுதான் என் கால் நகர்ந்தது.

நேரே தண்டலிடம் போய்க் குவளையை நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்துக் கடலில் துப்பினார்.

"இன்னாய்யா இது?"

"கீழே இருக்கிற தண்ணி."

அவர் என்னைப் பார்த்தார். குவளையைப் பார்த்தார். அதற்குமேல் நான் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கலாசிகளைக் கூப்பிட்டு மேல்மூடியின் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார். மூடியைத் தூக்கினால் உள்ளே பட்டைக்கட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிலும் தண்ணீர், நல்ல டிகாக்ஷன் நிறத்தில். அதுவரை நான் போட்ட எந்த டிகாக்ஷனும் அவ்வளவு அழகான நிறத்தில் இறங்கியதில்லை.

சாயபு எழுந்து வேகமாக வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"மூடு. மொதல்ல மூடு. தொரை பார்க்கிறாரு."

"பம்பு போடணும் சாயபு" என்றார் தண்டல்.

"போடலாம். தொரைக்குக் காபி குடுத்து உள்ளே படுக்க வெச்சிட்டுப் போடலாம். முனுசாமி, காபி இன்னா ஆச்சு?"

மிஸ்திரி கீழேயிருந்து தலையை நீட்டினான். "பாட்டரி ஜாஸ்தி இல்லீங்க. இன்னொரு தரம் கெட்டில் போட்டா பம்பு ஓடாது."

எல்லோரும் சாயபுவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். காபிக்காரனை எல்லோரும் பார்க்கிற நேரம் உங்கள் வேலையில் அதிகம் வராது. எனக்கு ஒருமுறை வந்தது.

நான் போய் முளையைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கெட்டிலைக் கொண்டுவந்து சாயபுவின் கையில் வைத்தேன். "இதைப் பிடிச்சிக்குங்க சாயபு. இடுப்பளவு தண்ணி கீது. காபி கெடையாது" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். காற்றில் கேட்க வேண்டுமே என்று குரல் எழும்பிவிட்டது. பந்தலுக்குக் கீழே துரை எழுந்து நிற்பது தெரிந்தது.

சாயபு கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ்திரி பம்பைப் போட்டான்.

முக்கால் மணி நேரம் ஓடியது. நீர் முழங்காலுக்கு இறங்கியது. பம்பு முனகி நின்றது, பாட்டரி தீர்ந்துவிட்டது. இனி கைப்பம்புதான். கலாசி கைப்பிடியை அழுத்தினான். காற்றுதான் வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து துண்டு துண்டாகப் போயிருந்தது. ஆம்பூர்த் தோல் வியாபாரியின் படகு. வாஷருக்கு மாற்றுத் தோல் இல்லை.

எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாஷர் போன இடத்துக்கு ஒரு கலாசி தன் வேட்டியைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தான். நிற்கவில்லை. எதிரலை இடித்து இடித்து அடிப்பலகை ஒன்று விட்டுப்போயிருந்தது, நீர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. கரை தெரிகிறதே, ஒதுங்கலாமா என்று கேட்டேன். "அந்த அலையில மோதினா வெறகுதான் கரை சேரும்" என்றார் தண்டல்.

சாயபு அப்போதுதான் கெட்டிலைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துரைக்குக் காட்டக் கொண்டுவந்த மாதிரித் தோல்கள். மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து நீட்டினார். மிஸ்திரி தடவிப் பார்த்து, "இது தாங்காதுங்க" என்றான். இன்னொன்று. அதுவும் தாங்காது. பெட்டியின் அடியில் ஒரு மாட்டுத்தோல் இருந்தது. அதை அவரே தொட்டியருகில் நின்று பார்த்துப் பார்த்துப் பதனிட்டதாக மண்டியில் எல்லோரும் சொல்வார்கள். சாயபு அதை மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை உள்ளங்கையால் நீவினார்.

"எங்கே வெட்டணும்?" என்றார்.

"நடுவுலங்க. அங்கதான் கெட்டி."

"வெட்டு."

மிஸ்திரி நடுவில் வட்டமாக வெட்டினான். வாஷர் பொருத்தி அழுத்தியதும் பழுப்புத் தண்ணீர் குபுக்கென்று வெளியே பாய்ந்தது. அதன்பின் எல்லோரும் முறை வைத்து அழுத்தினோம். நாலாவது முறை வந்தபோது துரை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்து சாயபு. அவர் உடம்பு வேலைக்குப் பழகியதல்ல. உதட்டைக் கடித்துக்கொண்டு, எண்ணி எண்ணி அழுத்தினார். நான் போதும் என்று கையை நீட்டியபோது தட்டிவிட்டார்.

ஒரு மணி நேரம் போனதும் எல்லோருக்கும் தாகம். பீப்பாய்கள் நாலும் கெட்டுவிட்டன. காலையில் நிரப்பிய மயிர்ப்பெட்டி ஜாடி மட்டும் மிச்சம். அதைத் திறந்தேன். இன்னும் ஆவி வந்தது. ஒரு கலாசி, "அண்ணே, ஆளுக்குக் கொஞ்சமா காபியாப் போடு, தெம்பா இருக்கும்" என்றான். எனக்கும் கை போனது. தூளும் பாலும் பக்கத்திலேயே இருந்தன.

போடவில்லை. தூளில் பாதித் தண்ணீர் நின்றுவிடும். இனிப்புக் காபி குடித்தால் மறுபடி தாகமெடுக்கும். எஞ்சின் எப்போது ஓடுமென்று மிஸ்திரிக்கே தெரியாது. ஜாடியைத் திறந்து வைத்து ஆறவிட்டேன். சின்னக் கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு வாய், பம்பு அழுத்தி முடிந்து வருகிறவனுக்கு முதலில். சாயபு வந்தபோது கிண்ணத்தை நீட்டினேன். முதலில் துரைக்கு என்று கையைக் காட்டினார். "அவரு மொறை முடிஞ்சி குடிச்சிட்டாருங்க. இது உங்க மொறை" என்றேன். குடித்தார். நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து என் கையால் அவர் எதையும் அவ்வளவு மெதுவாகக் குடித்ததில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே மிஸ்திரி வால்வை மாட்டிவிட்டான். எஞ்சின் இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஒரு கலாசி உட்கார்ந்து அழுதான். தண்டல் அவனை எழுப்பிப் பாய் சுருட்ட அனுப்பினார். அன்றிரவு மதராஸ் துறைமுகத்தில் கட்டினோம்.

துரை இறங்கும்போது எனக்குக் கை கொடுத்தார். சாயபுவுக்கும் கொடுத்தார். அவரிடம், "உங்கள் தோல் மிகவும் நல்லது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு, "படகைப் பற்றி நீங்கள் என்னிடம் வேறு மாதிரி சொன்னீர்கள்" என்றார். அவ்வளவுதான். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் தெரிந்தது. ஆர்டர் வாணியம்பாடிக்காரருக்கு.

அன்று மதியம் மண்டியிலிருந்து ஆள் வந்து, சாயபு வீட்டுக்கு வரச் சொன்னார் என்றான். கணக்கைத் தீர்த்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். காபி கிளப்பில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று போகிற வழியிலேயே விசாரித்துவிட்டுப் போனேன். அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயபு முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலி போட்டிருந்தது. உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை, அதனால் ஓரத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து இரண்டு கோப்பைக் காபி வந்தது. நீர்த்த காபி, சர்க்கரை மட்டும் தாராளம். இரண்டு பேரும் குடித்தோம்.

"அன்னிக்கி நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா ஆர்டர் நமக்குக் கெடைச்சிருக்கும்" என்றார்.

இல்லை என்று சொல்லலாம். அவருக்கும் எனக்கும் தெரியும், அது பொய்.

"கெடைச்சிருக்கும் சாயபு."

"நாம?"

"நாம கெடைச்சிருக்க மாட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். கோபமா, ஒப்புக்கொண்டதா என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். படகுக்கு அடியில் புதுப் பலகை வைத்து அடைத்தாகிவிட்டது என்றும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் புறப்பாடு என்றும் சொன்னார்.

"இந்தத் தரம் நானும் வர்றேன்" என்றார். "பம்பு அழுத்த ஆள் கம்மியா கீது."

வெள்ளிக்கிழமை போனோம். பட்டை ஏற்றி வடக்கே திரும்பியபோது அந்தத் தடவையும் எதிர்க்காற்றுதான்.